சாரத்தியம் கற்பிப்போர்க்கும் ஒரு பரீட்சை

நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் மருத்துவம் கற்றுத் தேறியவராய் இருத்தல் வேண்டும் என்று நாகரிக நாடுகள் யாவும் விதித்திருக்கின்றன. நீதிமன்றத்திலே வழக்கை எடுத்துரைப்பவர் சட்டம் பயின்று சான்று பெற்றவராய் இருத்தல் வேண்டும். பாடசாலையில் எழுத்தறிவிப்பவரும் தக்க தராதரம் உடையவரா என்று ஆராயப்பட்ட பின்னரே வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படுகிறார். ஆனால், ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுள்ள இயந்திரத்தைப் பொது வீதியிலே, நடந்து செல்லும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் நடுவே, செலுத்துவதற்குக் கற்றுக்கொடுப்பவர் யார்? கற்பிக்கும் தகுதி அவருக்கு உண்டென்று சான்று கூறியவர் யார்? இந்தக் கேள்வியைப் பல நாடுகள் நெடுங்காலம் கேளாமலே இருந்துவிட்டன.

கேள்வியைக் கேட்டு, தயங்கித் தயங்கி அதற்கு விடையும் கண்ட நாடுகளுள் ஒன்று பிரித்தானியா. அந்நாட்டின் வரலாறு இவ்விடயத்தில் இலங்கையருக்கு அந்நியமானதன்று. வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்லுதல், பயிலுநர் ஓட்டும் வண்டியில் ‘எல்’ என்ற எழுத்துப் பலகையைத் தொங்கவிடுதல் ஆகிய வழக்கங்கள் பிரித்தானியர் வழியாகவே இங்கு வந்தன. ஆதலால், சாரத்தியம் கற்பிக்கும் தொழில் அங்கே எவ்வாறு தோன்றியது, எவ்வாறு சீர்கெட நேர்ந்தது, அத்தொழிலில் ஈடுபட்டோரே எவ்வாறு தமக்கு ஒரு பரீட்சை வேண்டும் என்று கேட்டனர் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் பயனுடையதாகும்.

பிரித்தானியாவில் சாரதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று முதன்முதலில் விதித்தது 1903 ஆம் ஆண்டின் மோட்டார்வண்டிச் சட்டம். அதனைப் பெறும் முறையோ மிக எளிது. பதினேழு வயது நிரம்பிய ஒருவர் உள்ளூராட்சி மன்றத்துக்கு ஐந்து ஷில்லிங் செலுத்தினாற் போதும். பத்திரம் கைக்கு வந்துவிடும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்பார் இலர். தபாற்கந்தோரில் முத்திரை வாங்குவது போன்றதே அனுமதிப்பத்திரம் வாங்குவதும்.

ஆயினும் ஓட்டத் தெரியாதவன் வண்டியிலேறினால் நேர்வது யாதென்பது எவர்க்கும் விளங்கும். எனவே சட்டம் கேளாவிடினும் கற்பிப்போர் தோன்றினர். 1910 ஆம் ஆண்டில், தெற்கு இலண்டனைச் சேர்ந்த பெக்காம் றை என்னும் பகுதியில், ஹியூ ஸ்டான்லி றொபேட்ஸ் என்பவர் பிரித்தானிய மோட்டார்ப் பாடசாலையைத் தொடங்கினார். அக்காலத்தில் மோட்டார்வண்டியை வாங்குவோர் பெருஞ்செல்வர். அதனை ஓட்டுவோர் அவர்களிடம் ஊழியம் புரிந்தோர். நேற்றுவரை குதிரையின் கடிவாளத்தைப் பிடித்த கை இன்று சுக்கானைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அதைத் திருத்தி எடுப்பதும் சாரதியின் கடமையே. ஆகையால் இயந்திர அறிவும் ஓட்டும் பயிற்சியும் அந்நாளில் ஒன்றாகவே புகட்டப்பட்டன. கற்போர் சிலர், கற்பிப்போர் மிகச் சிலர், வீதியில் ஓடிய வண்டிகளும் சில.

இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. மோட்டார்வண்டி நடுத்தர மக்களின் கைக்கும் எட்டியது. வியாபாரி, வைத்தியர், பாடசாலை ஆசிரியர் எனப் பலரும் தாமே வண்டியை ஓட்டத் தலைப்பட்டனர். 1930 ஆம் ஆண்டில் நிறைவேறிய வீதிப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார்வண்டிகளுக்கு அதுவரை இருந்த மணிக்கு 20 மைல் என்ற வேக எல்லையையும் நீக்கிவிட்டது. ஓட்டும் திறமையைச் சோதிக்கும் பரீட்சை உடற்குறை உடையோர்க்கு மட்டுமே விதிக்கப்பட்டது. ஏனையோர் தம் உடல்நலத்தைப் பற்றித் தாமே ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாற் போதும் என்றாயிற்று. மறு ஆண்டில் வீதி ஒழுங்குக் கைந்நூல் ஒன்று ஒரு பென்னி விலைக்கு வெளியிடப்பட்டது. ஒழுங்குகள் அச்சேறின, அவற்றை எத்துணைப் பேர் படித்தனர், எத்துணைப் பேர் விளங்கிக்கொண்டனர் என்பதை அளப்பதற்கு ஒரு கோலும் இருக்கவில்லை.

விளைவு கொடிதாயிற்று. 1934 ஆம் ஆண்டில் பெரிய பிரித்தானியாவின் வீதிகளில் இறந்தோர் 7,343 பேர். காயமுற்றோர் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். இறந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நடந்து சென்றவர்கள். அப்பொழுது அந்நாட்டில் இருந்த வாகனங்களோ சுமார் 24 இலட்சம். நாட்டில் வாகனம் வைத்திருந்தோர் சிறு தொகையினர். வாகனத்தால் மாண்டோரிற் பெரும்பாலார் வாகனமே இல்லாதவர். இந்த அநீதி மக்களின் மனத்தை உறுத்தியது.

அவ்வேளையில் போக்குவரத்து மந்திரியாக வந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. பாதசாரிகள் வீதியைக் கடக்கும் இடங்களில், கறுப்பும் வெள்ளையுமான கம்பத்தின் உச்சியில் மஞ்சள் நிறக் குண்டு விளக்கை நாட்டியவர் அவரே. அவ்விளக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் காலத்தில் நிறைவேறிய 1934 ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வேக எல்லையை விதித்தது; புதிய சாரதிகள் யாவர்க்கும் பரீட்சை ஒன்றையும் ஏற்படுத்தியது.

பரீட்சை 1935 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விரும்பியோர்க்கு மட்டும் என்று தொடங்கி, அவ்வாண்டு யூன் முதலாந் திகதி கட்டாயமாயிற்று. 1934 ஏப்பிரில் முதலாந் திகதிக்குப் பின்னர் ஓட்டத் தொடங்கியோர் அனைவரும் அதிற் தேறவேண்டும். கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்னி. பரீட்சை நிலையங்கள் என்று தனிக் கட்டடங்கள் அப்பொழுது இல்லை. புகையிரத நிலைய வாயிலிலோ பூங்காவின் அருகிலோ பரீட்சகரைச் சந்திக்குமாறு பரீட்சார்த்திக்குச் சொல்லப்பட்டது. அங்கிருந்து இருவரும் வண்டியிலேறிப் புறப்படுவர். அரைமணி நேரத்தில் ஒருவருடைய தகுதி தீர்மானமாகிவிடும். முதலாண்டில் விண்ணப்பித்தோர் சுமார் 2,46,000 பேர். பரீட்சைக்குத் தோற்றியவர்களுள் தேறியோர் நூற்றுக்கு 63 பேர். பரீட்சை தொடங்கிய அதே ஆண்டில் வீதி மரணமும் குறைந்தது. அதன் முழுப் பெருமையும் பரீட்சைக்கே உரியதன்று. வேக எல்லைக்கும் அதிற் பங்குண்டு.

இங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. மாணவனுக்குப் பரீட்சை வைத்த அரசாங்கம் ஆசிரியனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. பரீட்சை கட்டாயமானவுடன் கற்பிப்போரைத் தேடி மக்கள் திரண்டனர். தேவை பெருகிய இடத்தில் வழங்குவோரும் பெருகுதல் இயல்பு. ஒரு பழைய வண்டியும், கதவிலே எழுதிய ஒரு பெயர்ப்பலகையும் இருந்தால் எவரும் மோட்டார்ப் பாடசாலை நடத்தலாம். நேற்றுப் பரீட்சையில் தேறியவர் இன்று போதனாசிரியர் ஆகலாம். பல முறை தவறியவரும் அவ்வாறே ஆகலாம். சட்டத்தில் அதற்குத் தடை இருக்கவில்லை.

நல்ல போதனாசிரியரையும் போலியையும் மாணவன் எவ்வாறு பிரித்தறிவான்? கல்வி என்பது விலை கொடுத்து வாங்கும் ஏனைய பொருள்கள் போன்றதன்று. துணியின் நயத்தைக் கைதொட்டு அறியலாம். மாம்பழத்தை முகர்ந்து அறியலாம். கற்பித்தலின் நயத்தை அறிய வேண்டுமானால் ஏற்கெனவே கற்றிருக்கவேண்டும். கல்லாதவனே கற்க வருகிறான். ஆகையால் ஏமாறுவதற்கு எல்லாரிலும் ஏற்றவன் அவனே. குறைந்த கட்டணம், விரைவான தேர்ச்சி என்ற இரண்டு சொற்களே அவனுக்கு விளங்கும் விளம்பரம். உண்மையான ஆசிரியரோ, வண்டியைப் பழுதுபார்த்து, போதனாசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக்கைப் பொருத்தி, மாணவன் பக்குவமடையும்வரை பொறுத்திருந்து கற்பிப்பவர். அவர் கேட்கும் கட்டணம் சிறிது கூடுதலாகவே இருக்கும். எனவே போலி வாழ, மெய் தளரும் நிலை உண்டாயிற்று.

இந்த நிலையை முதலில் உணர்ந்தோர் நேர்மையான போதனாசிரியர்களே. பரீட்சை தொடங்கிய 1935 ஆம் ஆண்டிலேயே மோட்டார்ப் பாடசாலைகளின் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. மோட்டார் ஓட்டுவோரின் பழம்பெருங் கழகமாகிய றோயல் மோட்டார்க் கழகமும் தான் சோதித்து ஏற்றுக்கொண்ட போதனாசிரியர்களுக்கு ஒரு பதிவேட்டை வைத்திருந்தது. ஆனால் இவை தாமே விரும்பி ஏற்ற கட்டுப்பாடுகள். கட்டுப்பாடு தேவைப்படாதவரே கட்டுப்பாட்டை நாடி வந்தனர். தேவைப்பட்டோர் வெளியே நின்றனர்.

இடையிலே யுத்தம் வந்தது. 1939 செப்டெம்பரில் பரீட்சை நிறுத்தப்பட்டு, 1946 நவம்பரிலேயே மீண்டும் தொடங்கியது. பத்தாண்டு கழிந்து இன்னொரு சோதனையும் வந்தது. 1956 ஆம் ஆண்டிற் சூயெசுக் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. நவம்பர் மாதம் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. பரீட்சகர்கள் பெற்றோல் பங்கீட்டு வேலைக்கு உதவ அனுப்பப்பட்டனர். பயிலுநர்கள் அருகில் ஒருவர் இல்லாமலே தனியாக வண்டி ஓட்டலாம் என்று அரசாங்கம் இடங்கொடுத்தது. 1957 ஏப்பிரிலில் பரீட்சைகள் மீண்டும் தொடங்கின. எரிபொருளைச் சேமிப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, கற்பிப்பவரின் இருக்கையை எவ்வளவு இலேசாக வெறுமையாக்கிவிடலாம் என்பதையும் உலகுக்குக் காட்டிவிட்டது. அந்த இருக்கையில் அமர்பவர்க்கு ஒரு தகுதி வேண்டும் என்று சட்டம் வரையறுக்காதவரை, அவர் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்ற எண்ணமே நிலைக்கும்.

தமக்கும் ஒரு பரீட்சையும் பதிவும் வேண்டும் என்ற போதனாசிரியர் சங்கங்களின் வாதம் பொதுநலம், சுயநலம் இரண்டையும் தழுவியது. அதை மறைப்பதற்கில்லை. போலிகள் நீங்கினால் பொதுமக்களின் உயிர் காக்கப்படும். உண்மையாகத் தொழில் செய்வோரின் வருவாயும் காக்கப்படும். மருத்துவரும் வழக்கறிஞரும் முற்காலத்தில் தம் தொழிலுக்கு எல்லை வகுத்துக்கொண்டது இந்த வழியிலேதான்.

எதிர்வாதங்களும் வலுவில்லாதன அல்ல. தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பது முறையா என்பது ஒன்று. தகப்பன் மகனுக்கும், கணவன் மனைவிக்கும் கற்பிப்பதைச் சட்டம் தடுக்கலாமா என்பது மற்றொன்று. தகுதி விதித்தால் போதனாசிரியர் தொகை குறையும், கட்டணம் உயரும், ஏழை மாணவன் பயிற்சியின்றியே ஓட்டத் துணிவான் என்பது மூன்றாவது. இம் மூன்றாவது வாதம் சிந்தித்தற்குரியது. தரத்தை உயர்த்துகின்றோம் என்று கதவையே மூடிவிடுதல் கல்வியாகாது.

பாராளுமன்றம் இரண்டு பக்கத்தையும் ஒட்டி ஒரு நடுவழியை வகுத்தது. 1962 ஆம் ஆண்டின் சட்டம் அரசாங்கப் பதிவேடு ஒன்றுக்கு வழிசெய்தது. 1964 ஒக்டோபரில் அப் பதிவேடு திறக்கப்பட்டது. ஆனால் சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம். விருப்பப் பதிவின் குறை முன்னரே தெரிந்ததே. 1966 ஆம் ஆண்டில் வீதி மரணம் 7,985 ஆக உயர்ந்தது. யுத்தமில்லாக் காலத்தில் அந்நாடு கண்ட மிகப் பெரிய தொகை அதுவே. வாகனங்கள் 1934 இல் இருந்ததைவிடப் பல மடங்கு பெருகியிருந்தன என்பது உண்மை. எனினும் அத்தொகையைக் கண்ட பின்னர், கற்பிப்போரின் தகுதி அவரவர் விருப்பத்துக்கு உரியது என்று வாதாடுவது எளிதாயிருக்கவில்லை. 1967 ஆம் ஆண்டிற் சாரத்தியப் போதனை பற்றிய தனிச் சட்டம் நிறைவேறியது. 1970 ஒக்டோபரில் பதிவு கட்டாயமாயிற்று. மாணவனுக்குப் பரீட்சை வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்னர் ஆசிரியனுக்கும் அது வந்து சேர்ந்தது.

சட்டம் வகுத்த எல்லைக்கோடு நுட்பமானது. பணத்துக்கோ பணத்துக்கு ஈடான பொருளுக்கோ கற்பிப்பவர் பதிவு பெற்றிருக்கவேண்டும். கட்டணமின்றிக் கற்பிக்கும் தகப்பனும் தமையனும் நண்பனும் பதிவு பெறவேண்டியதில்லை. இக்காலச் சட்டப்படி அவர்கள் இருபத்தொரு வயது நிரம்பியவராயும் மூன்றாண்டு அனுமதிப்பத்திரம் உடையவராயும் இருந்தாற் போதும். அன்பினாற் செய்யும் உதவியைச் சட்டம் தடுக்கவில்லை. கூலி பெற்றுச் செய்யும் பணிக்கே பொறுப்பை விதித்தது.

பதிவு பெற விரும்புபவர் இக்காலத்தில் மூன்று படிகளைக் கடக்கவேண்டும். முதலாவது, வீதி ஒழுங்கும் கற்பித்தல் முறையும் பற்றிய அறிவுப் பரீட்சை. இரண்டாவது, அவருடைய சொந்த ஓட்டுந்திறமையைச் சோதிப்பது. சாதாரண பரீட்சார்த்தி பதினைந்து சிறு பிழைகள் வரை செய்து தேறலாம். போதனாசிரியராக வருபவர் ஆறு பிழைகளுக்கு மேற் செய்தால் தேறமாட்டார். மூன்றாவது படியே எல்லாவற்றிலும் முக்கியமானது: கற்பிக்கும் ஆற்றலைச் சோதிப்பது. நன்றாக ஓட்டுபவர் எல்லாரும் நன்றாகக் கற்பிப்பவர் அல்லர். கணக்கிலே வல்லவர் கணக்கு வாத்தியாராகத் தோற்பதைப் பாடசாலைகள் கண்டதில்லையா? மாணவன் எங்கே தடுமாறுகிறான், ஏன் தடுமாறுகிறான், எந்தச் சொல் அவன் அச்சத்தைத் தணிக்கும் என்று அறிவது வேறொரு கலை. மூன்றும் தேறியவர் எண்கோண வடிவான பச்சை அடையாளச் சின்னத்தை வண்டியின் முன்கண்ணாடியில் வைத்திருப்பார். அத்துடனும் காரியம் முடிவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அக்காலத்துள் ஒரு பரீட்சகர் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து உண்மையான பாடம் ஒன்றைக் கவனித்து மதிப்பிடுவார்.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு வாயில் திறந்தேயிருக்கின்றது. முதலிரு படிகளையும் தாண்டியவர் மூன்றாவதற்கு ஆயத்தமாகும்போது ஆறு மாத காலத்துக்குப் பயிற்சி அனுமதி பெற்றுக் கட்டணத்துக்குக் கற்பிக்கலாம். அவருடைய சின்னம் இளஞ்சிவப்பு முக்கோணம். கற்பித்தே கற்பிக்கப் பழகவேண்டும் என்பது நியாயமே. ஆசிரியர் கலாசாலை மாணவரும் அவ்வாறே பழகுகின்றனர். ஆனால் பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத மாணவன், தேறிய ஆசிரியருக்குக் கொடுக்கும் கட்டணத்தையே பயிற்சி பெறுபவருக்கும் கொடுக்க நேரலாம். சின்னம் இருந்தாற் போதாது; அதன் பொருளைப் பொதுமக்கள் அறிந்திருத்தலும் வேண்டும்.

பதிவு பெற்ற பின்னர் போதனாசிரியர்களின் குரலுக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. அதற்கு ஓர் உதாரணம் அதிவேகப் பாதை பற்றியது. பிரித்தானியாவின் முதல் அதிவேகப் பாதை 1958 டிசெம்பரில், பிரெஸ்ரன் நகரைச் சுற்றிச் செல்லும் வழியாகத் திறக்கப்பட்டது. பயிலுநர் அதிற் செல்லலாகாது என்று சட்டம் விலக்கியது. இதன் பயன் யாதெனில், பரீட்சையில் தேறாத மாணவன் அனுபவமிக்க ஆசிரியர் அருகிலிருந்தாலும் அப்பாதையில் ஏறமுடியாது. தேறிய மறுகணமோ அவன் தன்னந்தனியாக, ஒரு பாடமேனும் பெறாமல், மணிக்கு 70 மைல் வேகத்தில் அதிற் செல்லலாம். நீச்சல் பழகும்வரை ஆழத்துக்குப் போகாதே, பழகியபின் முதன்முறையாகத் தனியே ஆழத்தில் இறங்கு என்பது போன்றது இது. இந்த முரண்பாட்டைப் போதனாசிரியர்கள் ஆண்டுதோறும் எடுத்துக்காட்டினர். 2018 யூன் 4 ஆந் திகதி முதல் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் வழி திறந்தது. பதிவு பெற்ற போதனாசிரியர் உடனிருந்தால், இருவர்க்கும் பிரேக் அமைந்த வண்டியில், பயிலுநர் அதிவேகப் பாதையில் ஓட்டிப் பழகலாம். தகப்பனுக்கோ நண்பனுக்கோ இந்த உரிமை இல்லை. அரசாங்கம் இந்த நம்பிக்கையை வைக்க முடிந்ததற்குக் காரணம் 1970 ஆம் ஆண்டிற் கட்டாயமான பதிவே. இலங்கையிலும் 2011 ஆம் ஆண்டு முதல் அதிவேகப் பாதைகள் இருப்பதனால், இச்செய்தி இங்குள்ளோரும் எண்ணிப் பார்த்தற்குரியது.

இன்னொரு நெடிய வழக்கும் உண்டு. பரீட்சைக்காகக் கற்பிப்பதா, வாழ்நாள் முழுதும் ஓட்டுவதற்காகக் கற்பிப்பதா என்பதே அது. பரீட்சையில் எது கேட்கப்படுமோ அதனையே மாணவன் விரும்புவான். ஆசிரியரும் அதற்கே இழுபடுவார். ஆகையாற் கற்பித்தலைத் திருத்த விரும்புவோர் பரீட்சையையும் திருத்தவேண்டும். பிரித்தானியப் பரீட்சை இவ்வாறே படிப்படியாக மாறிவந்தது. கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிச் சைகை காட்டும் பகுதி 1975 இல் நீக்கப்பட்டது. 1996 யூலையில் தனி எழுத்துப் பரீட்சை வந்தது. 2002 நவம்பரில் ஆபத்தை முன்னறியும் பரீட்சை சேர்க்கப்பட்டது. அதில் வீதிக் காட்சிகள் படமாக ஓடும்; ஆபத்து உருவாகும் வேளையிலேயே அதனைக் கண்டு பரீட்சார்த்தி பொத்தானை அழுத்தவேண்டும். பந்து ஒன்று வீதியில் உருண்டு வந்தால், அதன் பின்னே ஒரு பிள்ளை ஓடிவரும் என்று எண்ணுபவனே சாரதி. பிள்ளையைக் கண்டபின் பிரேக்கை மிதிப்பவன் பாதிச் சாரதியே. 2010 இல் பரீட்சகர் ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லாமல், பரீட்சார்த்தி தானே வழியறிந்து ஓட்டும் பகுதி சேர்ந்தது. 2017 டிசெம்பரில் அது பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக நீண்டது.

இத்துணைத் திருத்தங்களுக்குப் பின்னரும் புதிய இடர் ஒன்று முளைத்தது. 2020 ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியபோது பரீட்சைகள் மாதக்கணக்கில் நின்றன. காத்திருப்போர் வரிசை நீண்டது. பற்றாக்குறை உள்ள இடத்தில் இடைத்தரகர் தோன்றுவர். கணினிச் சூழ்ச்சியாற் பரீட்சை நேரங்களைக் கூட்டாகப் பிடித்து, வார நாட்களில் 62 பவுண் கட்டணமுள்ள ஒரு பரீட்சையைப் பன்மடங்கு விலைக்கு மாணவரிடம் விற்றனர். மாணவன் பக்குவப்பட்ட பின்னர் பரீட்சைக்கு அனுப்புவதா, கிடைத்த திகதிக்கு ஏற்ப அவனை அவசரப்படுத்துவதா என்ற சங்கடம் ஆசிரியர்க்கு உண்டாயிற்று. 2025 நவம்பரில் அரசாங்கம் மாணவன் தானே தன் பரீட்சையைப் பதிவு செய்யவேண்டும், பிறர் செய்யலாகாது என்ற முடிவை அறிவித்தது. தரகரைத் தடுக்கும் அம்முடிவு நேர்மையான போதனாசிரியரின் கையிலிருந்தும் ஒரு வசதியை எடுத்துவிட்டது. சிலரது பிழைக்காகத் தொழில் முழுவதும் இழப்பைச் சுமப்பது 1935 ஆம் ஆண்டின் கதையை நினைவூட்டுகின்றது. பதிவேடு என்பது ஒருமுறை திறந்து மூடிவிடும் புத்தகமன்று. காலந்தோறும் அதனைக் காக்கவேண்டும்.

2010 ஆம் ஆண்டு முதல் பெரிய பிரித்தானியாவின் வீதி மரணம் ஆண்டுக்கு 2,000 க்குக் குறைவாகவே இருந்து வருகின்றது. வாகனங்களோ நான்கு கோடியை எட்டியுள்ளன. இருபத்துநான்கு இலட்சம் வாகனங்கள் ஏழாயிரம் உயிர்களைக் கொண்ட காலத்தையும் இதனையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். ஆசனப் பட்டி, மதுபோதைச் சோதனை, திருந்திய வீதிகள், உறுதியான வண்டிகள், விரைந்த மருத்துவம் எனக் காரணங்கள் பல. போதனாசிரியர்களுக்கு உரிய பங்கு எவ்வளவு என்று தனியே நிறுத்துக் காட்டமுடியாது. ஆனால் ஆசனப் பட்டியை அணியும் பழக்கமும், குடித்தபின் சுக்கானைத் தொடாத ஒழுக்கமும், பாதசாரிக்கு வழிவிடும் பண்பும் ஒருவனிடம் முதன்முதலில் ஊன்றப்படும் இடம், கற்பவன் அமரும் அந்த இருக்கையே.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று. ஒரு தொழிலின் மானம், தன்னை யாரும் சோதிக்கக்கூடாது என்று அது மறுக்கும்போது பிறப்பதில்லை. தன்னைச் சோதியுங்கள் என்று அது தானே முன்வரும்போதுதான் பிறக்கின்றது. அதற்கு அரசாங்கம் இசைவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன என்பது, பிறநாடுகளும் அவ்வளவு காலம் பொறுத்திருக்கவேண்டும் என்பதற்குச் சான்றாகாது.

தம் பிள்ளைகளைச் சாரதிப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடமும் எளிதே. எத்தனை நாளில் அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருவீர்கள் என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. கற்பிப்பவரின் தகுதி என்ன, வண்டியில் அவருக்கும் பிரேக் உண்டா, மழையிலும் இருளிலும் சந்தடி மிகுந்த சந்தியிலும் பழக்குவீர்களா, பிள்ளை இன்னும் பக்குவப்படவில்லை என்றால் அதனைத் துணிந்து எமக்குச் சொல்வீர்களா என்பன முதலிற் கேட்கவேண்டியன. இக்கேள்விகளுக்கு முகஞ்சுளியாமல் விடை சொல்பவரே ஆசிரியர். பரீட்சகர் அருகிலிருப்பது அரைமணி நேரம். கற்பித்தவரின் சொல் மாணவனோடு வாழ்நாள் முழுதும் பயணஞ் செய்கின்றது. அந்தப் பயணத்திலே எதிர்ப்படும் பிள்ளைகளும் முதியோரும் யாரென்று ஆசிரியர் அறியார். ஆயினும் அவர்களுக்கும் சேர்த்தே அவர் பாடஞ் சொல்கின்றார்.